வாரண்டியும் கியாரண்டியும்

911-ஆம் ஆண்டில் பிரான்ஸ் ராஜாவுக்கு ஒரு தலைவலி. செய்ன் நதி வழியாகப் படகேறி வந்து கொள்ளையடிக்கும் வைக்கிங் கூட்டத்தை அடித்து விரட்டவும் முடியவில்லை. பணம் கொடுத்து அனுப்பினால் அடுத்த முறை இன்னும் அதிகப் பசியோடு வந்து நிற்கிறார்கள். கடைசியில் ராஜா ஒரு முடிவுக்கு வந்தார். நதி கடலில் கலக்கும் பகுதியை அந்தத் திருடர்களுக்கே எழுதிக் கொடுத்து, "இனிமேல் வருகிற திருடர்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். ராஜாவின் பெயர் மூன்றாம் சார்லஸ். சரித்திரம் அவருக்கு வைத்த பட்டப்பெயர், வெள்ளந்தி சார்லஸ்.

வைக்கிங் தலைவன் ரோலோவுக்கு எல்லாம் சம்மதம். ஒரே ஒரு சடங்குதான் பாக்கி: ராஜாவின் பாதத்தில் முத்தமிட வேண்டும். எவன் காலிலும் விழமாட்டேன் என்று ரோலோ பக்கத்தில் நின்ற ஆளுக்குக் கண்ணைக் காட்டினான். அந்த ஆளும் குனியவில்லை. நின்ற இடத்தில் நின்றபடியே ராஜாவின் காலைப் பிடித்துத் தன் வாய் உயரத்துக்குத் தூக்கினான். ராஜா மல்லாந்தார். சபை சிரித்தது. இதை எழுதி வைத்த டியூடோ என்ற பாதிரியார், சுமார் நூறு வருஷம் கழித்து ரோலோவின் வாரிசுகளுடைய ஆதரவில் எழுதியவர். அதனால் உப்பு, காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கலாம். ஆனால் வாரிசுகள் இந்தக் கதையைக் கேட்டு வெட்கப்படவில்லை, பெருமையாக எழுதி வைக்கச் சொன்னார்கள். அவர்கள் எப்பேர்ப்பட்ட குடும்பம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

வடக்கே இருந்து வந்தவர்கள் என்பதால் இவர்கள் நார்மன்கள், ஊர் நார்மண்டி. இவர்களிடம் ஒரு விசேஷம் உண்டு. போன இடத்தில் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள், பெண் எடுப்பார்கள், அந்த ஊர்ச் சாமியைக் கும்பிடுவார்கள், தாய்மொழியைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். ரோலோவின் பேரன் ரிச்சர்டு காலத்திலேயே தலைநகர் ரூவானில் வைக்கிங் பாஷை பேச ஆள் குறைந்துபோய், பையனைப் பாயோ என்ற ஊருக்கு அனுப்பிக் கற்றுக்கொள்ள வைத்தார்கள் என்று அதே டியூடோ எழுதுகிறார். கொள்ளைக்காரத் தாத்தாவின் பாஷைக்குப் பேரன் டியூஷன் போனான்.

இந்த வம்சத்தில் வந்தவர்தான் வில்லியம். அப்பா நார்மண்டியின் பிரபு. அம்மா ஹெர்லேவா, ஃபலேஸ் நகரத்தில் தோல் பதனிடுபவர் மகள் என்று சொல்வார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை என்பதை ஊர் மறக்கவும் இல்லை, மறக்க விடவும் இல்லை. அலான்சோன் என்ற ஊரை வில்லியம் முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தவர்கள் மதிலில் தோல்களைத் தொங்கவிட்டுத் தட்டிக் கிண்டல் செய்தார்கள். ஊரைப் பிடித்ததும் கிண்டலடித்தவர்களின் கையையும் காலையும் வெட்டச் சொன்னார் வில்லியம். அதன்பிறகு அவருக்குக் காது கேட்கும் தூரத்தில் யாரும் தோல் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை.

1066 ஜனவரி 5-ஆம் தேதி இங்கிலாந்து ராஜா எட்வர்டு பிள்ளையில்லாமல் இறந்தார். மறுநாளே அவரை அடக்கம் செய்து, அன்றைக்கே மைத்துனர் ஹாரல்டு முடிசூட்டிக்கொண்டார். பதினாறாம் நாள் காரியம்வரைகூடப் பொறுக்கவில்லை. நாற்காலியை எட்வர்டு தனக்குத்தான் தருவதாகச் சொன்னார் என்று வில்லியம் கப்பல் கட்ட ஆரம்பித்தார். நார்வே ராஜா ஹார்ட்ராடாவும் துண்டு போட்டு இடம் பிடிக்க வந்தார். செப்டம்பர் 25-ஆம் தேதி ஹாரல்டு வடக்கே போய் ஹார்ட்ராடாவின் கதையை முடித்து மூச்சு விடுவதற்குள், 28-ஆம் தேதி வில்லியம் தெற்கே பெவன்சி கடற்கரையில் இறங்கிவிட்டார்.

இறங்கியவர் வழுக்கி விழுந்தாராம். படை முழுக்க 'அபசகுனம்' என்று முணுமுணுக்க, கூட இருந்த ஒருவர், "பிரபுவே, இங்கிலாந்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டீர்கள்!" என்று சமாளித்தாராம். இதே காட்சியை ஜூலியஸ் சீசர் ஆப்பிரிக்காவில் இறங்கியபோதும் எழுதி வைத்திருக்கிறார்கள். கடற்கரையில் விழும் தளபதிகளுக்கெல்லாம் ஆஸ்தான வசனகர்த்தா ஒருவர்தான் போலிருக்கிறது.

அக்டோபர் 14-ஆம் தேதி ஹேஸ்டிங்ஸ் அருகே நாள் முழுக்கச் சண்டை, ஹாரல்டு செத்தார். இதையெல்லாம் கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளத் துணியில் பூவேலையாகத் தைத்து வைத்திருக்கிறார்கள். அதில் வில்லியமின் தம்பி முறையான ஓடோ, தொழிலில் பிஷப், குதிரைமேல் உருட்டுக்கட்டையோடு வருகிறார். துணி தைக்கக் காசு கொடுத்தவர் அவர்தான் என்பது பலருடைய சந்தேகம். கட்டை நன்றாகவே தெரியும்படி தைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பட்டாபிஷேகம். "இவர் ராஜாவாக சம்மதமா?" என்று இங்கிலீஷில் ஒரு முறை, பிரெஞ்சில் ஒரு முறை கேட்டார்கள். உள்ளே ஜனங்கள் உற்சாகமாகக் கத்தினார்கள். வெளியே காவலுக்கு நின்ற நார்மன் வீரர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. கலவரம் என்று நினைத்தார்கள். கலவரம் என்றால் உள்ளே ஓடி ராஜாவைக் காப்பாற்றியிருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். கூட்டம் தலைதெறிக்க ஓடியது, பாதிரியார்கள் மட்டும் அவசர அவசரமாகச் சடங்கை முடித்தார்கள், புது ராஜா கிடுகிடுவென்று நடுங்கினார். மொழி தெரியாத அரசாங்கம் முதல் நாளே எப்படி நடந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

ராஜாவுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். குடிகளின் புகாரை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்க வேண்டும் என்று நாற்பது வயதுக்குமேல் இங்கிலீஷ் படிக்க முயன்றார். 'முப்பது நாளில் இங்கிலீஷ்' புத்தகமெல்லாம் அப்போது வரவில்லை. வயதும் வேலையும் இடம் கொடுக்காமல் விட்டுவிட்டார் என்று ஓர்டரிக் விட்டாலிஸ் என்ற துறவி எழுதுகிறார். அந்த வேலை என்ன என்பதையும் அவரே எழுதுகிறார்: 1069-70 குளிர்காலத்தில் வடக்கு மாவட்டங்களில் கலகத்தை அடக்குகிறேன் என்று பயிரையும் கால்நடையையும் எரித்துப் பஞ்சத்தை உண்டாக்கினார். இதில் சிரிக்க எதுவும் இல்லை. வில்லியமைப் பல இடங்களில் புகழ்ந்த ஓர்டரிக்கே இதை மன்னிக்க மறுத்தார்.

1085 கிறிஸ்துமஸில் ராஜாவுக்கு இன்னொரு யோசனை. ஊர் ஊராக ஆள் அனுப்பி யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை, எத்தனை பன்றி என்று அடங்கல் எடுக்கச் சொன்னார். மறு வருஷமே சுமார் 13,000 ஊர்களின் கணக்கு கைக்கு வந்துவிட்டது. ஒரு மாட்டைக்கூட விடாமல் எழுதுகிறார்களே, வெட்கமாக இல்லையா என்று உள்ளூர்ச் சரித்திரக்காரர் புலம்பினார். மேல்முறையீடு கிடையாது என்பதால் ஜனங்கள் அதற்குக் கடைசித் தீர்ப்பு நாளின் பெயரையே, டூம்ஸ்டே என்று, வைத்தார்கள். அதைப் புரட்டினால் பெரிய நிலக்காரர்கள் வரிசையில் இங்கிலீஷ் பெயரைத் தேடிக் கண் வலிக்கும். இருபதே வருஷத்தில் மேல்தட்டு முழுக்கக் கை மாறிவிட்டது. லண்டன் அந்தக் கணக்கில் இல்லை. அவ்வளவு பெரிய நகரத்தைக் கணக்கில் விட்டுவிட்டுப் பன்றியை எண்ணியவர்கள்!

நாட்டையே அளந்தவருக்குத் தன் ஆறடி நிலத்தில் வில்லங்கம் வந்தது. 1087-இல் மாந்த் நகரத்தை எரித்துக்கொண்டிருந்தபோது குதிரை துள்ளி, சேணத்தின் முனை வயிற்றில் குத்தியது. வயிறு ஏற்கெனவே பிரசித்தம். வில்லியம் பிரசவத்துக்குப் படுத்திருக்கிறார் என்று பிரெஞ்சு ராஜா கிண்டல் செய்திருந்தார். செப்டம்பர் 9-ஆம் தேதி உயிர் போனதும் பிரபுக்கள் அவரவர் சொத்தைக் காப்பாற்றக் குதிரை ஏறினார்கள். வேலைக்காரர்கள் பாத்திரம், துணிமணி எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு உடலைத் தரையில் போட்டுவிட்டுப் போனார்கள். நாட்டுப்புறக் குதிரைவீரர் ஒருவர் தன் செலவில் உடலைக் கான் நகரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே தேவாலயத்தில் பிரசங்கம் முடிகிற நேரம் அசெலின் என்பவர் எழுந்தார்: "இது என் அப்பா வீட்டு மனை. இந்த ஆள் பிடுங்கிக்கொண்டார். இங்கே புதைக்கக் கூடாது." விசாரித்தார்கள். உண்மை. 60 ஷில்லிங் கொடுத்துக் குழிக்கான இடத்தை அங்கேயே வாங்கினார்கள். பிறகு கல்பெட்டி சிறியதாகப் போய், உடலை அமுக்கியபோது வயிறு வெடித்தது. சாம்பிராணிப் புகை அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பாதிரியார்கள் இரண்டாவது முறையாக வில்லியமின் சடங்கொன்றை ஓட்டமாக முடித்தார்கள்.

ஆள் போனார், ஆபீஸ் நிலைத்தது. ஒரு நார்மன் செத்துக் கிடந்து கொலைகாரன் அகப்படாவிட்டால், அந்தச் சுற்றுவட்டாரமே அபராதம் கட்ட வேண்டும் என்று சட்டம். செத்தவர் இங்கிலீஷ்காரர் என்று நிரூபித்தால் அபராதம் இல்லை. நிரூபிக்கும் பொறுப்பு ஊருக்கு. இல்லையென்றால் எல்லாப் பிணமும் நார்மன் பிணம்தான். உயிரோடு இருந்தவரை மதிப்பில்லாத இங்கிலீஷ் ஜாதகம், செத்த பிறகு ஊருக்கே லாபமாயிற்று. நூறு வருஷத்தில் இரண்டு கூட்டமும் கொண்டு கொடுத்துக் கலந்துவிட்டதால் யார் எவர் என்று இப்போது பிரிக்கவே முடியவில்லை என்று ராஜாவின் பொக்கிஷதார் ரிச்சர்டு ஃபிட்ஸ்நீலே எழுதி வைத்தார். அப்படியானால் அபராதத்தை எடுத்துவிடலாமே? வருமானம் வருகிறதே! 1340 வரை வசூலித்தார்கள்.

ஜனங்கள் என்ன செய்வார்கள்? பெயரை மாற்றிக்கொண்டார்கள். லியோஃப்ரிக், எதெல்ரெட் எல்லாம் இரண்டு மூன்று தலைமுறையில் கரைந்து வில்லியம், ராபர்ட், ரிச்சர்டு, ஹென்றி என்று ஆயிற்று. விட்பி ஊரில் டோஸ்டிக் என்று பழைய நோர்ஸ் பெயர் வைத்த ஒரு பையனை மற்றப் பிள்ளைகள் கேலி செய்ய, அவன் வில்லியம் என்று மாற்றிக்கொண்டான். பிறகு சாமியாராகி அதையும் விட்டான். 1170-களின் தொடக்கத்தில் நார்மண்டியில் நடந்த கிறிஸ்துமஸ் விருந்து ஒன்றில், வில்லியம் என்று பெயர் இல்லாதவர்களெல்லாம் வெளியே போகலாம் என்று துரத்தினார்கள். அப்படியும் உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட வில்லியம்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். "வில்லியம், அந்த ரொட்டியை இப்படிக் கொடு" என்றால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சரித்திரம் பதிவு செய்யவில்லை.

இனி மொழி. இங்கே எல்லோரும் எடுத்துவிடும் கதை மாட்டுக் கதை. மாடு மேய்த்தவன் இங்கிலீஷ்காரன், அதனால் மாட்டுக்கு 'கௌ'. தின்றவன் நார்மன், அதனால் தட்டில் 'பீஃப்'. 1819-இல் வால்டர் ஸ்காட் தன் 'ஐவன்ஹோ' நாவலில் ஒரு கோமாளி வாயில் இதை வைத்தார், அன்றிலிருந்து ஊரே சொல்கிறது. கதை அழகு. நடந்தது இவ்வளவு சுத்தமாக இல்லை. பீஃப், மட்டன் எல்லாம் உயிரோடு மேய்கிற பிராணிக்கும் பல நூற்றாண்டுகள் வழங்கின. கொட்டிலையும் தட்டையும் தீர்மானமாகப் பிரித்தது ரொம்பப் பிற்காலம். எனக்கு மாட்டைவிட மாமாவைப் பிடிக்கும்.

பழைய இங்கிலீஷில் அப்பாவின் சகோதரருக்கு ஒரு சொல், அம்மாவின் சகோதரருக்கு வேறு சொல். அத்தைக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று. நம்மைப் போலவே யார் எந்த வழி உறவு என்று துல்லியமாகக் கணக்கு வைத்திருந்த ஜனங்கள். நார்மன்கள் 'அங்கிள்', 'ஆன்ட்டி'யோடு வந்து இறங்கினார்கள். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் ஒரே சாக்கில். இதில் வேடிக்கை, அங்கிளின் லத்தீன் மூலத்துக்குத் தாய்மாமன் என்று மட்டுமே பொருள். பிரெஞ்சுக்காரர்கள் மாமாவைச் சித்தப்பா ஆக்கினார்கள், இங்கிலீஷ்காரர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள், கப்பலில் ஏற்றி மெட்ராஸுக்கும் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு வளசரவாக்கம் அபார்ட்மெண்ட் லிஃப்டில் எதிர்வீட்டுக்காரரை ஒரு குழந்தை "அங்கிள்" என்று கூப்பிடுகிறது என்றால், அதில் ஹேஸ்டிங்ஸ் சண்டையின் பங்கு உண்டு.

அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, ரொட்டி, பால், வீடு, ராஜா, ராணி எல்லாம் இங்கிலீஷாகவே தங்கின. 'ஏர்ல்' என்ற பழைய பிரபுப் பட்டமும் தப்பித்தது. அதற்குப் பெண்பால் இல்லாததால் அவர் மனைவியை மட்டும் 'கவுண்டஸ்' என்று பிரெஞ்சில் அழைத்தார்கள். ஒரே வீட்டில் புருஷன் ஒரு பாஷை, பெண்டாட்டி ஒரு பாஷை, பட்டத்தைச் சொல்கிறேன்.

இத்தனைக்கும் நார்மன்கள் பேசியது பாரீஸில் மரியாதை பெற்ற பிரெஞ்சு இல்லை. பாரீஸ்காரர் 'க' என்று தொடங்கும் இடத்தில் நார்மன் 'வ' என்பார். 'ச' வரவேண்டிய இடத்தில் 'க' போடுவார். முதலில் நார்மன் சரக்கு வந்தது, பிறகு பாரீஸ் சரக்கும் வந்தது. இங்கிலீஷ்காரர்கள் எதையும் திருப்பி அனுப்பவில்லை. ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிற இடத்தில் "வாரண்டியா, கியாரண்டியா?" என்று நாம் நுணுக்கமாக விசாரிக்கிறோமே, இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஹாஸ்டலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வார்டனும், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் கார்டியனும் அப்படியே. கிரிக்கெட்டில் 'கேட்ச்' நார்மன், 'சேஸ்' பாரீஸ். லண்டன் பக்கத்து பிரெஞ்சைக் கேலி செய்து பதினான்காம் நூற்றாண்டிலேயே கவிஞர் சாஸர் எழுதிவிட்டார். அவருடைய கன்னிகாஸ்திரி நாசூக்காகப் பிரெஞ்சு பேசுவாள். பாரீஸ் பிரெஞ்சு என்றால் என்னவென்றே தெரியாது.

வலுவான கோட்டை நீதிமன்றம்தான். இங்கிலீஷில் திருடனுக்கு 'தீஃப்', திருடுவதற்கு 'ஸ்டீல்'. இரண்டும் மண்ணின் சொற்கள். அகப்பட்ட நிமிஷத்திலிருந்து பிரெஞ்சு: வாரண்ட், அரெஸ்ட், ஜெயில், கோர்ட்டு, ஜட்ஜ், ஜூரி, அப்பீல். எல்லாம் முடிந்து கயிற்றில் தொங்கவிடும்போது மறுபடி இங்கிலீஷ், 'ஹேங்'. நடுவில் காசு செலவாகும் பகுதி முழுக்க நார்மன்களுடையது. உயர்நீதிமன்ற வளாகத்தில் நின்று கேட்டால், அந்தப் பகுதி அப்படியே நம் வாயிலும் இருக்கிறது. அட்வகேட் ஜெனரல், அட்டர்னி ஜெனரல் என்று அடைமொழி வாலில் தொங்குவதும் பிரெஞ்சு வழக்கம்தான்.

1362-இல் பாராளுமன்றம் கொதித்தெழுந்தது. பிரெஞ்சு யாருக்கும் புரியவில்லை, வழக்குத் தரப்பினருக்கு வக்கீல் என்ன சொல்கிறார் என்றே தெரியவில்லை, இனி இங்கிலீஷில்தான் வாதாட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தைப் பிரெஞ்சில் எழுதினார்கள்.

வக்கீல்கள் அசைந்தார்களா என்ன! கோர்ட்டில் வாய் இங்கிலீஷுக்கு மாற, குறிப்பெழுதும் கை பிரெஞ்சிலேயே ஓடியது. வருஷம் ஆக ஆக அந்தப் பிரெஞ்சில் பிரெஞ்சு குறைந்தது. 1631-இல் சாலிஸ்பரியில் ஒரு கைதி நீதிபதிமேல் செங்கல் துண்டை வீசினான், மயிரிழையில் தப்பியது. அறிக்கை எழுதியவருக்குச் செங்கல் துண்டுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. மயிரிழையில் தப்பியதற்கும் தெரியவில்லை. அங்கங்கே இங்கிலீஷை அப்படியே ஒட்டி, முன்னும் பின்னும் 'லெ' போட்டு முடித்துவிட்டார். கைதிக்குக் கையை வெட்டித் தூக்கு. அறிக்கைக்கு எந்தத் தண்டனையும் இல்லை. ராஜா இல்லாத கிராம்வெல் காலத்தில், 1650-இல் இந்த பாஷையை ஒழித்தார்கள், 1660-இல் ராஜா திரும்பியதும் அதுவும் திரும்பியது. 1731-இல் மறுபடி சட்டம் போட்டு, 1733 முதல்தான் தலை முழுகினார்கள்.

சட்டப் புத்தகத்தின் அடியில் கிடந்த மற்ற நார்மன் சாமான்களை யாரும் கவனிக்கவில்லை. வழக்கைச் சண்டை போட்டுத் தீர்ப்பது நார்மன்கள் கொண்டுவந்த வழக்கம். 1817-இல் கொலைக் குற்றச்சாட்டில் விடுதலையான ஏப்ரஹாம் தார்ன்டன் என்பவரை, இறந்த பெண்ணின் சகோதரர் இன்னொரு பழைய விதியைக் காட்டி மறுபடி கோர்ட்டுக்கு இழுத்தார். தார்ன்டனின் வக்கீல்கள் பதிலுக்கு இன்னொரு பழைய விதியைத் தோண்டினார்கள். கட்சிக்காரர் கோர்ட்டில் கையுறையைத் தரையில் வீசி, வா சண்டைக்கு என்றார். ரயில் யுகம் வாசலில் நிற்கிறது! நீதிபதிகள் புத்தகம் புத்தகமாகப் புரட்டிவிட்டு, 1818 ஏப்ரலில், சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். சகோதரர் ஒல்லி, தார்ன்டன் வாட்டசாட்டம். சண்டை நடக்கவில்லை, தார்ன்டன் வீட்டுக்குப் போனார். 1819-இல் அவசரமாக ரத்து செய்தார்கள்.

கணக்குக் குச்சிகள் இன்னும் மோசம். வில்லியமின் மகன் முதலாம் ஹென்றி காலத்தில் கஜானாவில் வரவுசெலவை மரக்குச்சியில் வெட்டிக் குறித்து, குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்குப் பாதி கொடுப்பார்கள். காகிதம் வந்தது, அச்சு வந்தது, பேங்க் வந்தது; 1826 வரை குச்சி போகவில்லை. மிச்சமிருந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16-ஆம் தேதி பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. வண்டிக்கணக்கில் எரித்ததில் பிரபுக்கள் சபையும் எரிந்தது, மக்கள் சபையும் எரிந்தது.

புதிதாகக் கட்டிய பாராளுமன்றத்திலும் மசோதா சட்டமாவதைச் சடங்கோடு அறிவிக்கும் நாட்களில் குமாஸ்தா ஒருவர் எழுந்து, 'ராஜா இதை விரும்புகிறார்' என்று இன்றுவரை நார்மன் பிரெஞ்சில்தான் அறிவிக்கிறார். ராஜாவுக்குப் பிடிக்காவிட்டாலும் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும் வழக்கமில்லை. 'ராஜா யோசிப்பார்' என்பதுதான் வாசகம். நம் ஊரில் மனு கொடுத்துவிட்டு 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வாங்கியவர்களுக்கு இதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கடைசியாக இதைச் சொன்னது 1708-இல், ஸ்காட்லாந்துப் படை மசோதாவுக்கு, ஆன் ராணியின் பெயரில். ராணி 1714-இல் காலமானார். யோசித்து முடித்ததாகத் தகவல் இல்லை.